முடியின் இயல்பு நிறத்தைப் படிக்காமல் சாயம் பூசலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான தலைச்சாயம் குறித்த கட்டுரையைப் படித்தேன். முகத்தின் அமைப்புக்கும் தோலின் நிறத்துக்கும் எந்த வண்ணம் பொருந்தும் என்பதை அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால், அந்தச் சாயம் எதன் மேல் ஏறப்போகிறதோ அந்த முடியின் இயல்பு நிறத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 22 ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்துபவள் நான். இத்தொழிலைக் கற்க வரும் பெண்களுக்குப் பயிற்சியும் அளித்து வருகிறேன். அந்த ஒரு வரி யாரும் சொல்லாமல் விடுபட்டதால் மனம் நொந்து எங்கள் நாற்காலியில் வந்து உட்காருபவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். அதனால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுத நேர்ந்தது, பொறுத்தருள வேண்டும்.

"நம்மூரில் எல்லாருக்கும் கறுப்பு முடிதானே, அதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று என்னிடம் கேட்காத மாணவி இல்லை. மாட்டின் நிறத்தைச் சொல்ல நம் உழவர்களிடம் காரி, செவலை, மயிலை, கபிலை என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. கூந்தல் என்று வந்துவிட்டால் மட்டும் கார்மேகம், மை, கருமணல் என்று எல்லா உவமைகளும் ஒரே கறுப்பில் போய் நிற்கின்றன. அந்தக் கறுப்பிலிருந்து விலகிய முடிக்குச் செம்பட்டை என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதையும் குறையாகத்தான் சொல்கிறோம். இந்தப் பழக்கத்தினால், கறுப்புக்குள் எத்தனை வேறுபாடு இருக்கிறது என்று பார்க்கவே நம் கண் பழகாமல் போய்விட்டது என்பது என் கருத்து.

அழகுக்கலையில் முடியின் இயல்பு நிறத்தை இரண்டு கேள்விகள் கேட்டு அறிகிறோம். அது எவ்வளவு அடர்ந்தது, எவ்வளவு வெளிறியது என்பது முதல் கேள்வி. பார்லரில் இதை லெவல் என்போம். என் மாணவிகளுக்கு நான் 'படி' என்று சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அடர்த்திக்குள் செம்மை ஓடுகிறதா, பொன்மை ஓடுகிறதா, அல்லது நீலமோ சாம்பலோ தெரிகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு டோன் என்று பெயர்; தமிழில் 'சாயல்' என்ற சொல் மிகவும் பொருந்துகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்த மொழியில் முதலாவதை நிறத்தின் உயரம் என்ற பொருளிலும், இரண்டாவதை 'ரெஃப்லே', அதாவது முடியின் மேல் ஒளி பட்டுத் திரும்பும்போது தெரியும் மினுக்கம் என்ற பொருளிலும் சொல்கிறார்கள். உயரம் ஒன்று, மினுக்கம் ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் சாயத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

படிகள் 1 முதல் 10 வரை எண்ணப்படுகின்றன. 1 என்பது முழுக் கறுப்பு. 2 கறுப்பை ஒட்டி நிற்கும் மிக அடர்ந்த பழுப்பு. 3 அடர் பழுப்பு. 4 நடுத்தரப் பழுப்பு. 5 வெளிர் பழுப்பு. 6-லிருந்து 10 வரை மேலை நாட்டார் பொன்முடி என்று பிரித்துச் சொல்பவை, ஆனால் 6-ஆம் படியை நம் கண்ணுக்குக் காட்டினால் அதையும் பழுப்பு என்றுதான் சொல்வோம். 10-ஆம் படி உலர்ந்த வைக்கோலைவிட வெளிறியது. நம் ஊர்த் தலைகளில் பெரும்பாலானவை 1-க்கும் 3-க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த தலைகளில் 2-ஆம் படியே மிகுதி. உண்மையான 1-ஆம் படி, அதாவது வெயிலில் பிடித்தாலும் பழுப்பின் சுவடே காட்டாத கறுப்பு, நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் கடையில் சாயம் வாங்கும்போது பத்தில் ஒன்பது பேர் கேட்பது அந்த 1-ஆம் எண்ணைத்தான்.

சாயலைப் பொறுத்தவரை, என்னிடம் பல ஆண்டுகளாக வரும் அக்கா தங்கை இருவரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒரே வீடு, ஒரே எண்ணெய், ஒரே தண்ணீர். இருவருக்கும் 2-ஆம் படி முடி. நிழலில் பார்த்தால் வேறுபாடே தெரியாது. காலை ஒன்பது மணி வெயிலில் வாசற்படியில் நிற்க வைத்து அக்காவின் முடிக்கற்றை ஒன்றைத் தூக்கிப் பிடித்தால், செப்புக் குடத்தின் விளிம்பில் வெயில் பட்டதுபோல் ஓரங்களில் சிவப்பு மின்னும். தங்கையின் முடியிலோ அந்தச் சிவப்பு இல்லை. நீலம் பாய்ந்த கறுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். அக்காவினுடையது வெதுவெதுப்பான சாயல், தங்கையினுடையது குளிர்ந்த சாயல். இருவருக்கும் ஒரே சாய டியூபைப் பூசினால் இரண்டு வெவ்வேறு நிறங்கள்தான் கிடைக்கும்.

இதற்குக் காரணம் முடியின் உள்ளே இருக்கிறது. முடியின் மேல் மீன் செதில்போல் அடுக்கடுக்காக ஓர் உறை இருக்கிறது. அதற்கு உள்ளே உள்ள கார்டெக்ஸ் என்ற பகுதியில்தான் மெலனின் என்னும் நிறமித் துகள்கள் பொதிந்திருக்கின்றன. யூமெலனின் கறுப்பையும் பழுப்பையும் தருகிறது; ஃபியோமெலனின் சிவப்பையும் மஞ்சளையும் தருகிறது. உலகத்தில் உள்ள எல்லா முடி நிறங்களும் இவ்விரண்டின் அளவும் கலப்பும் மாறுவதால் வருபவையே. நரைத்த முடியில் புதிதாக ஒரு வெள்ளை நிறமி வந்து சேர்வதில்லை. நிறமி இல்லாமல் போய்விடுகிறது, அவ்வளவே. நம் முடியில் யூமெலனின் மிகுந்திருப்பதால் அதன் அடியில் உள்ள செம்மை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மறைந்துதான் இருக்கிறது, இல்லாமல் போகவில்லை. தலைச்சாயத்தில் நேரும் பெரும்பாலான ஏமாற்றங்கள் இதை மறந்ததால் வருபவை.

என் தொடக்க காலத்தில் நானே செய்த பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஐம்பதைக் கடந்த பள்ளி ஆசிரியை ஒருவர், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை வந்தார். முன்நெற்றியில் பாதிக்குப் பாதி நரை. பின்தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. "ரொம்பக் கறுப்பா வேண்டாம்மா, லேசா பிரவுனா இருக்கட்டும்" என்றார். தலையில் எண்ணெய் இருந்தது. துடைத்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில், நிற மாதிரிகள் ஒட்டிய ஷேட் கார்டைப் புரட்டி, அவர் விரல் வைத்த 5-ஆம் எண்ணை எடுத்து, 20 வால்யூம் டெவலப்பரில் (சாயத்தோடு கலக்கும் பெராக்சைடுக் கரைசல்; வால்யூம் அதன் வலிமையைக் குறிக்கும் எண்) கலந்து பூசினேன். அலசி உலர்த்தியபோது அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை மணக்குள விநாயகர் கோயில் வாசலில் வெயிலில் நின்றபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டிருக்கிறது. பின்தலை கருஞ்சிவப்பு, முன்நெற்றி செம்பு நிறத்தில் எரிந்தது. "நெத்தியில நெருப்பு வெச்ச மாதிரி இருக்குன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க சொன்னாங்க" என்று பிறகு என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

அன்று அந்த டியூபில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் தலையைப் படிக்காமல் போன என்னுடையது. 2-ஆம் படியில் இருந்த கறுப்பு முடியை அந்தச் சாயத்தால் ஓரிரு படிக்கு மேல் வெளுக்க முடியவில்லை. வெளுத்த அளவுக்கு அடியில் இருந்த சிவப்பு மேலே வந்துவிட்டது. நரைமுடியில் எதிர்த்து நிற்க நிறமியே இல்லாததால் அது 5-ஆம் எண்ணை அப்படியே வாங்கிக்கொண்டது. ஒரே தலையில் இரண்டு படிகள் உண்டாகிவிட்டன. எண்ணெய் பூசிய முடி உள்ளதைவிட அடர்த்தியாகக் காட்டும், ஈரமுடியும் அப்படியே. டியூப்லைட் சிவப்பை விழுங்கிவிடும். மஞ்சள் பல்பு சிவப்பைக் கூட்டிக் காட்டும். நான் ஏமாறுவதற்கு வேண்டிய எல்லாமே அந்த அறையில் கூடியிருந்தன.

இயல்பு நிறத்தைப் படிப்பது எப்படி என்று இதன் பிறகுதான் நான் ஒழுங்காகக் கற்றேன். தலைக்குக் குளித்து, எண்ணெய் இல்லாமல், நன்றாக உலர்ந்த முடியாக இருக்க வேண்டும். பகல் வெளிச்சம் வேண்டும். என் கடையில் இதற்காகவே வாசலை ஒட்டி ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். உச்சியில் சீப்பின் வாலால் வகிடு எடுத்து, ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒரு கற்றையைப் பிரித்து, தலையோடு ஒட்டவிடாமல் மேலே தூக்கி, விரல்களுக்கு இடையில் விசிறிபோல் விரித்துப் பிடிக்க வேண்டும். மொத்தமாகக் கிடக்கும்போது முடி கறுப்பாகத்தான் தெரியும். இழை இழையாகப் பிரிந்து ஒளி ஊடுருவும்போதுதான் அதன் உண்மையான படி வெளிப்படும். ஷேட் கார்டில் உள்ள மாதிரி முடியை வேரின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நுனியில் வைத்துப் பார்ப்பது பெரிய தவறு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது என்பதால், இடுப்புவரை தொங்கும் பின்னலின் நுனி ஐந்தாறு ஆண்டு வெயிலையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் கண்டது. அதன் நிறத்தை வைத்து வேரின் நிறத்தைக் கணிக்க இயலாது. உச்சியில் பார்த்தது போதாது என்று பிடரியிலும் இரு கன்னப்பொறியிலும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிடரி மிக அடர்ந்தும் நெற்றியோரம் ஒரு படி வெளிறியும் இருக்கும். இழையின் பருமனும் கண்ணை ஏமாற்றும். ஒரே படியில் உள்ள இரண்டு தலைகளில், முரட்டு முடி அடர்த்தியாகவும் பட்டுப்போன்ற மெல்லிய முடி வெளிறியும் தோன்றும்.

இவ்வளவையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க வாடிக்கையாளரும் விரும்புவதில்லை, கடைக்காரரும் விரும்புவதில்லை.

டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் இதே மொழியில்தான் பேசுகிறது. புள்ளிக்கு முன்னால் உள்ள எண் படி. பின்னால் உள்ளது சாயல். 4.0 என்றால் நடுத்தரப் பழுப்பு, தனிச் சாயல் ஏதும் இல்லாதது. பல நிறுவனங்களில் புள்ளிக்குப் பின் 1 வந்தால் சாம்பல், 3 வந்தால் பொன், 4 செம்பு, 6 சிவப்பு என்று வைத்திருக்கிறார்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால் அந்தந்த நிறுவனத்தின் அட்டையைப் பார்த்தே பழக வேண்டும். இரண்டு மாதங்களில் புரிந்துவிடக்கூடிய இந்த எண்களைப் படிக்கத் தெரியாமலே, பெட்டியின் மேல் உள்ள படத்தில் சிரிக்கும் பெண்ணின் முடியைக் காட்டி "இது மாதிரி" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அட்டையில் ஒட்டியிருக்கும் மாதிரிக் கற்றைகளும் பெரும்பாலும் நைலான் இழைகள்தான். அவற்றுக்கு அடிநிறம், அதாவது கறுப்புக்கு அடியில் மறைந்திருக்கும் செம்மை, என்று ஒன்று கிடையாது. நம் முடிக்கு உண்டு.

அந்த அடிநிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் கைப்பேசியில் படம் காட்டிச் சாம்பல் பொன்னிறம் கேட்கும் இளம்பெண்கள் இன்று மிகுந்துவிட்டார்கள். வெளுக்கும்போது யூமெலனின் முதலில் சிதைகிறது. ஃபியோமெலனின் பிடிவாதமாக நிற்கிறது. அதனால் நம் முடி கறுப்பிலிருந்து நேராக வெள்ளைக்குப் போவதில்லை. 3-ஆம் படிவரை கருஞ்சிவப்பு, 4-ல் சிவப்பு, 5-ல் செவ்வாரஞ்சு, 6-ல் ஆரஞ்சு, 7-ல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, 8-ல் மஞ்சள், 9-ல் வெளிர் மஞ்சள், 10-க்கு வந்தால் வாழைப்பழத் தோலின் உட்புறம்போல ஒரு நிறம் என்று இத்தனை கட்டங்களைக் கடந்துதான் போக வேண்டும். 3 விழுக்காடு பெராக்சைடு உள்ள 10 வால்யூம் டெவலப்பர் நிறத்தை ஏற்றுவதோடு நிற்கும்; 6 விழுக்காடு உள்ள 20 வால்யூம் ஓரிரு படி வெளுக்கும்; 12 விழுக்காடு உள்ள 40 வால்யூம்கூடச் சாயத்தோடு கலந்தால் நான்கு படிக்கு மேல் போகாது. 2-ஆம் படியில் இருப்பவர் 8-ஐக் கேட்கிறார் என்றால் பிளீச் பவுடர் இல்லாமல் முடியாது. அதையும் ஒரே நாளில் செய்தால் முடி பஞ்சாகிவிடும். ஏற்கெனவே சாயம் ஏறிய முடியாக இருந்தால் இன்னொரு சாயத்தைப் பூசி அதை வெளுக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடிநிறத்தை அடக்குவதற்கு எதிர்நிறம் என்று ஒன்று உண்டு. ஆரஞ்சை நீலம் அடக்கும்; மஞ்சளை ஊதா அடக்கும்; சிவப்பைப் பச்சை அடக்கும். சாம்பல் சாயல் கொண்ட டியூபில் பெரும்பாலும் நீலம் இருக்கிறது. ஆரஞ்சாக நிற்கும் 6-ஆம் படி முடியில் அது நன்றாக வேலை செய்கிறது. இலாசுப்பேட்டையிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, வீட்டிலேயே பிளீச் செய்து வெளிர் மஞ்சளுக்கு வந்துவிட்ட முடியின் மேல் அந்தச் சாம்பல் டியூபைப் பூசிக்கொண்டாள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்னவாகும் என்பது ஓவியம் வரையும் குழந்தைக்கும் தெரியும். குளத்துப் படிக்கட்டில் பாசி படிந்தது போன்ற பச்சை முடியோடு, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். அதைச் சரிசெய்ய மூன்று முறை உட்கார வேண்டியிருந்தது. தன் முடி எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்திருந்தால் அவள் சாம்பலை எடுத்திருக்க மாட்டாள், ஊதாவை எடுத்திருப்பாள்.

ஆரோவில் பக்கத்திலிருந்து என் கடைக்கு வரும் ஐரோப்பியப் பெண்மணி ஒருவரின் இயல்பு முடி 7-ஆம் படி. அவருக்கு நான் பூசும் 6.3 எண்ணைப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்தவர் "எனக்கும் அதே போடுங்க, அழகா தேன் கலரா இருக்கு" என்றார். அவருடையது 2-ஆம் படி. அந்தத் தேன்நிறம் டியூபில் மட்டும் இல்லை, பாதிக்கு மேல் அந்த அம்மையாரின் தலையிலேயே இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைக்க, அவர் பிடரியில் ஒரு சின்னக் கற்றையில் மட்டும் அதே சாயத்தைப் பூசி, முக்கால் மணி நேரம் கழித்து அலசிக் காட்டினேன். வெயிலில் பார்த்தால் மட்டும் தெரிகிற கருஞ்சிவப்பு. அவர் மனம் மாறினார். இப்படி ஒரு கற்றையில் சோதித்துப் பார்ப்பதை எந்தக் கடையிலும் யாரும் கேட்டுப் பெறலாம், கேட்க வேண்டும்.

ஓர் ஊடுசெய்தியாக இதையும் சொல்ல விரும்புகிறேன். சாயத்தின் ஆழத்தையும் அதன் அடித்தளத்தையும் அறிந்த மக்கள் வாழ்ந்த மண் இது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அவுரியில் தோய்த்த புதுச்சேரி நீலத்துணி, கினே என்ற பெயரில், பிரெஞ்சு வணிகர்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அவுரித் தொட்டியில் துணியை ஒரு முறை முக்கி எடுத்துக் காற்றில் விரித்தால் வெளிர்நீலம். மீண்டும் மீண்டும் முக்க முக்கக் கருநீலம். எத்தனை முக்கு என்பது படி. எந்தச் சாயம் என்பது சாயல். முக்குவதற்கு முன் துணியைக் கஞ்சி போக வெளுத்துத் துவைத்தால்தான் நீலம் சீராகப் பிடிக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துணிக்கு அவ்வளவு பார்த்த ஊரில் தலைக்குப் பார்க்காமல் விடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

அந்த அவுரியும் மருதாணியும் இன்றும் பெரிய மார்க்கெட் பகுதியின் நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகக் கிடைக்கின்றன. இயற்கையானது என்பதால் இவற்றுக்கு இயல்பு நிறம் பார்க்க வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. மருதாணியில் உள்ள லாசோன் என்ற பொருள் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நிறத்தைக் கூட்டுமே தவிர வெளுக்காது. 2-ஆம் படி முடியில் அது வெயிலில் மட்டும் தெரியும் செம்மையைத் தரும். நரையில் பளீரென்ற ஆரஞ்சைத் தரும். அதன் மேல் அவுரியை இட்டால் ஆரஞ்சும் நீலமும் சேர்ந்து பழுப்பும் கறுப்பும் கிடைக்கும். இதுவும் எதிர்நிறக் கணக்கேதான். அவுரி ஏறிய முடியைப் பின்னால் பிளீச் செய்தால் பச்சை தலைகாட்டலாம் என்பதால், மருதாணி, அவுரி எது போட்டிருந்தாலும் பார்லரில் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'கறுப்பு மருதாணி' என்று பாக்கெட்டில் விற்பவை வேறு. இலை மட்டும் கொண்ட மருதாணி ஒருபோதும் கறுப்பைத் தராது; அந்தக் கறுப்பு பெரும்பாலும் பாரா ஃபினைலின் டையமின் என்ற வேதிப்பொருளால் வருவது. சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அவற்றின் மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி முறியக்கூடும்.

நரையை மறைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுபது வயதில் 1-ஆம் எண் கறுப்பைப் பூசினால் முகம் இளமையாகத் தெரியும் என்பது தவறான நம்பிக்கை. இளமையில்கூட அந்த முடி 1-ஆம் படியில் இருந்திருக்காது. 2-ஆகவோ 3-ஆகவோ, வெயிலில் கொஞ்சம் பழுப்பு காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். மினுக்கம் ஏதும் இல்லாத அந்த ஒற்றைக் கறுப்பு, முகத்தைச் சுற்றிக் கரிக்கோடு இழுத்ததுபோல் நின்று, நெற்றிச் சுருக்கத்தையும் கண்ணடிக் கருமையையும் எடுத்துக்காட்டுகிறது. பத்து நாளில் வேரில் வெள்ளைக்கோடும் தெளிவாகத் தெரிந்துவிடும். 3.0 அல்லது 4.0 எண்ணில், சாயல் சேர்க்காத இயல்பு நிறத்தைப் பூசினால் நரையும் மூடும், முகமும் மென்மையாகத் தெரியும். சிவப்பு, செம்பு போன்ற சாயல் வேண்டுபவர்களுக்கும் நரை மிகுதியாக இருந்தால் பாதியளவு இயல்பு நிறத்தைக் கலந்துதான் பூச வேண்டும். இல்லையென்றால் அந்த ஆசிரியைக்கு நேர்ந்ததே நேரும். மீசைக்கு மை பூசியதுபோல் சாயமிடும் ஆண்களுக்கும் இது பொருந்தும்.

கடலோரத்தில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. வெயில் மெலனினைச் சிதைக்கிறது. உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் செதில் உறையைச் சொரசொரப்பாக்குகின்றன. வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் நாள் முழுவதும் கடற்கரையில் ஓடியாடும் பிள்ளைகளின் முடிநுனி செம்பட்டையாக இருப்பதற்கு வெயிலே பெரும்பாலும் காரணம். வேரில் பார்த்தால் அதே பிள்ளைக்கு 2-ஆம் படி கறுப்பு இருக்கும். வேரிலிருந்தே முடி செம்மையாகவும் மெலிந்தும் வளர்ந்தால் அது புரதக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அப்படிப்பட்ட குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதே முறை. எண்ணெயை மட்டும் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு இப்படிச் சொரசொரத்துப்போன நுனி, சாயத்தைத் தேவைக்கு மேல் உறிஞ்சி வேரைவிடக் கருத்துவிடும். அதனால் நுனிக்குக் கடைசியில், குறைந்த நேரம் மட்டுமே சாயம் வைக்க வேண்டும். வெளுக்கும்போது கணக்கு தலைகீழாகும். தலையின் சூட்டினால் வேர்ப்பகுதி முதலில் வெளுத்துவிடும் என்பதால் வேரைத்தான் கடைசியில் தொட வேண்டும்.

1907-இல் யூஜீன் ஷூலெர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கைத் தலைச்சாயத்தை உருவாக்கிப் பாரிஸ் நகர முடிதிருத்துநர்களிடம் விற்கத் தொடங்கினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், நம் சிற்றூர்களில் சாயம் வந்து சேர்ந்த அளவுக்கு அதைப் பூசும் அறிவு வந்து சேரவில்லை. பயிற்சி நிலையங்களில் மூன்று மாதச் சான்றிதழ் வாங்கி வரும் பெண்கள் பலர் பூசும் தூரிகையை நன்றாகப் பிடிக்கிறார்கள். லெவல் என்ன என்று கேட்டால் பெட்டியைப் பார்க்கிறார்கள், தலையைப் பார்ப்பதில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்ள எடுத்துக்காட்டுகள் 6-லிருந்து 9-க்குள் இருக்கும் முடியைப் பற்றியவை. 1-க்கும் 3-க்கும் இடையில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைச் சொல்லும் தமிழ்ப் பாடம் நமக்கு வேண்டும். படி, சாயல், அடிநிறம், எதிர்நிறம் என்ற நான்கு சொற்களை வைத்துக்கொண்டே என் மாணவிகளுக்கு இதை நடத்துகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கும் ஒரு வாரத்தில் பிடிபடுகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை வைத்து, இயல்புப் படி, சாயல், நரையின் அளவு, பூசிய எண், வைத்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் பழக்கத்தை எல்லாப் பார்லர்களும் மேற்கொள்ள வேண்டும் என்று உடன்தொழில் செய்வோரைக் கேட்டுக்கொள்கிறேன். சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதின் பின்புறத்திலோ முழங்கையின் உள்மடிப்பிலோ ஒரு துளி வைத்து ஒவ்வாமை பார்ப்பதையும் அந்த அட்டையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

தங்கள் இணைப்பில் இதைப் பற்றி இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதில் பத்துப் படிகளையும் வண்ணப் பட்டையாக அச்சிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்; நாளிதழ்த் தாளில் 2-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடு மை ஊறியதும் கரைந்துபோகும், படிப்பவர்கள் அதையே அளவாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, தலைக்குக் குளித்த மறுநாள் காலை, எண்ணெய் வைக்காமல், வீட்டு வாசலில் வெயிலில் நின்று, உச்சியிலும் பிடரியிலும் ஒவ்வொரு கற்றையைத் தூக்கி யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்று எழுதினால் போதும். பிடரி தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அழகு நிலைய உரிமையாளர், பயிற்றுநர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.